ரானிடிடின்: திரும்பப் பெறப்பட்ட அமில மாத்திரையும் அதன் மாற்றுகளும்

ரானிடிடின், இரைப்பையில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும் மருந்து. நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு, இரைப்பைப் புண், முன்சிறுகுடல் புண் ஆகியவற்றுக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உலகெங்கும் கொடுக்கப்பட்டது. மேலைநாடுகளில் இதன் பெயர் ஜான்டாக். இந்தியாவில் ரான்டாக், ஜினெடாக், அசிலாக் முதலிய பெயர்களில் விற்றது. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் ‘கேஸ் மாத்திரை’ கேட்டவர்களுக்கு நெடுங்காலம் கிடைத்த மாத்திரைகளில் இதுவும் ஒன்று. 2020 ஏப்ரல் 1 அன்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதன் எல்லா வடிவங்களையும் சந்தையிலிருந்து விலக்கும்படி உற்பத்தியாளர்களைக் கேட்டுக்கொண்டது. புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் என்டிஎம்ஏ என்ற வேதிப்பொருள் இம்மருந்தில் உருவாகிறது என்பதே காரணம்.

தோற்றமும் வளர்ச்சியும்

இரைப்பைச் சுவரிலுள்ள அமிலச் செல்களை ஹிஸ்டமின் தூண்டுகிறது. அது வந்து சேரும் எச்2 ஏற்பிகளை அடைத்துவிட்டால் அமிலச் சுரப்பு தணியும். இந்த எண்ணத்தை மருந்தாக்கிக் காட்டியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக். அவர் குழு உருவாக்கிய சிமெடிடின் 1976இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. 1988இல் அவர் நோபல் பரிசு பெற்ற பணிகளில் இதுவும் ஒன்று. அதுவரை அறுவை மேசை வரை போன புண் நோயாளிகள் பலர், மாத்திரையோடு வீடு திரும்பத் தொடங்கினார்கள். கிளாக்ஸோ நிறுவனம் 1981இல் கொண்டுவந்த ரானிடிடின், சிமெடிடினைவிட வீரியமானது. பிற மருந்துகளோடு மோதுவதும் குறைவு. எண்பதுகளின் பிற்பாதியில் உலகிலேயே மிக அதிகமாக விற்கும் மருந்து என்ற இடத்தை அது பிடித்தது.

மாசு எங்கிருந்து வந்தது

என்டிஎம்ஏ புதிய பெயரல்ல. அது எலிகளின் கல்லீரலில் புற்றுக்கட்டிகளை உண்டாக்குவதை 1956இலேயே பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் பார்ன்ஸும் மேகியும் காட்டினார்கள். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை’ என்ற 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சி, புகையிலைப் புகை ஆகியவற்றிலும் சிறிதளவு உண்டு. 2018இல் இரத்த அழுத்த மருந்தான வால்சார்டனில் இது கண்டறியப்பட்டு, பல நாடுகளில் மாத்திரைகள் திரும்பப் பெறப்பட்டன.

வால்சார்டனில் நடந்தது உற்பத்திக் கோளாறு. தயாரிப்பு முறையை மாற்றியபோது மாசு நுழைந்தது. முறையைத் திருத்தியதும் சிக்கல் தீர்ந்தது. ரானிடிடின் கதை வேறு. அதன் மூலக்கூற்றின் ஒரு முனையில் டைமெத்தில் அமீன் பகுதியும் மறுமுனையில் நைட்ரோ பகுதியும் இருக்கின்றன. என்டிஎம்ஏ உருவாகத் தேவையான இரண்டு கூறுகளும் மருந்துக்குள்ளேயே இருக்கின்றன என்று பொருள். மருந்து மெல்லச் சிதையும்போது இவை வினைபுரிந்து மாசாகின்றன. வெப்பமும் ஈரப்பதமும் கூடினால் சிதைவு விரைவுபடும். அலமாரியில் எவ்வளவு நாள் இருக்கிறதோ அவ்வளவுக்கு அளவு ஏறும். ஆலையிலிருந்து தூய்மையாகப் புறப்பட்ட மாத்திரை, நோயாளியின் கைக்கு வரும்போது தூய்மையாக இருக்கும் என்ற உறுதியை அப்போது எவராலும் தர முடியவில்லை. மருந்து முழுவதுமாக விலக்கப்பட்டதன் நியாயம் இங்கேதான் இருக்கிறது.

எண்களின் குழப்பம்

2019 செப்டம்பரில் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் இயங்கிய வாலிஷ்யூர் என்ற இணைய மருந்தகம், ஒரு மாத்திரையில் 30 லட்சம் நானோகிராம் அளவுக்கு என்டிஎம்ஏ இருப்பதாக அரசிடம் முறையிட்டது. ஒரு நாளைக்கு ஏற்கத்தக்க அளவு 96 நானோகிராம்தான் என்பதால் செய்தி உலகை உலுக்கியது. ஆனால் அந்தச் சோதனைக் கருவி மாத்திரையை 130 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கியது. அந்தச் சூடே பெருமளவு மாசை உண்டாக்கியது. சூடாக்காத முறையில் அரசு ஆய்வகங்கள் சோதித்தபோது, மாத்திரைகளில் இருந்தது ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவு. சில வரம்புக்குள் இருந்தன. சில வரம்பை ஒன்பது மடங்கு வரை தாண்டின. ரானிடிடின் உட்கொண்டவர்களின் சிறுநீரில் என்டிஎம்ஏ நூற்றுக்கணக்கான மடங்கு உயர்வதாகச் சொன்ன 2016ஆம் ஆண்டின் சிறிய ஆய்வு ஒன்றும் பின்னர் திரும்பப் பெறப்பட்டது. 2021இல் வெளியான அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் சொந்தச் சோதனையில், 300 மில்லிகிராம் உட்கொண்ட நலமானவர்களின் சிறுநீரில் அத்தகைய உயர்வு இல்லை.

ஆகவே, இம்மருந்தைச் சாப்பிட்ட எல்லாருக்கும் புற்றுநோய் வரும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. பல நாடுகளின் மருத்துவப் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள், ரானிடிடின் எடுத்தவர்களையும் அதே வகைப் பிற மருந்து எடுத்தவர்களையும் ஒப்பிட்டபோது, புற்றுநோயில் தெளிவான வேறுபாட்டைக் காணவில்லை. முன்பு பல ஆண்டுகள் சாப்பிட்டோமே என்று தூக்கமிழப்பவர்கள் இதை அறிய வேண்டும். அதே வேளையில், தேவையற்ற ஓர் ஆபத்தைத் தவிர்க்க வழியிருக்கும்போது அதைச் சுமக்க எவரையும் கட்டாயப்படுத்தலாகாது. முதல் எண் பிழையானது, முடிவு சரியானது.

நீதிமன்றங்களில் இவ்விவகாரம் நீண்டது. 2022 டிசம்பரில் ஃபுளோரிடாவின் கூட்டாட்சி நீதிபதி, வாதிகள் தரப்பு அறிவியல் சான்றுகள் நம்பத்தக்கவையல்ல என்று ஆயிரக்கணக்கான வழக்குகளைத் தள்ளினார். மாநில நீதிமன்றங்களில் தொடர்ந்தவற்றில் சுமார் 80,000 வழக்குகளை, தவறை ஒப்புக்கொள்ளாமலே, 220 கோடி டாலர் வரை கொடுத்துத் தீர்த்துக்கொள்வதாக, கிளாக்ஸோவின் வழிவந்த ஜிஎஸ்கே நிறுவனம் 2024 அக்டோபரில் அறிவித்தது.

இந்தியாவில்

உலகச் சந்தைக்கு ரானிடிடின் மூலப்பொருளைத் தந்தவற்றுள் ஹைதராபாத் நிறுவனங்களும் உண்டு. ஐரோப்பிய மருந்து முகமை 2020இல் விற்பனையை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. இந்தியா முழுத் தடை விதிக்கவில்லை. மாசைச் சோதித்துக் கண்காணிக்கும்படி உற்பத்தியாளர்களுக்கும் மாநிலங்களுக்கும் சொல்லிவந்தது. 2022 செப்டம்பரில் வெளியான தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து ரானிடிடின் உட்பட 26 மருந்துகள் நீக்கப்பட்டன. பட்டியலிலிருந்து நீக்குவது தடையாகாது. அதன் பிறகும் ரானிடிடின் மாத்திரையும் ஊசியும் இங்கே புழங்கின. 2025இல்கூட மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை மாசைக் கண்காணிக்கச் சொல்லி மாநில அதிகாரிகளுக்கு எழுதியது. வெப்பத்தில் சிதையும் ஒரு மருந்துக்கு, கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஊர்களின் குளிரூட்டாத கடைகளும் கிடங்குகளும் ஏற்ற இடமல்ல. குளிர்நாடுகள் கைவிட்டதை வெப்பநாடு வைத்துக்கொண்டிருப்பது கவலைக்குரியது.

மாற்று மருந்துகள்

நேரடி மாற்று ஃபாமோடிடின். இதுவும் எச்2 ஏற்பியை அடைப்பதுதான். ஆனால் அந்த டைமெத்தில் அமீன் பகுதி இதில் இல்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் சோதனைகளில் என்டிஎம்ஏ தென்படவில்லை. 150 மில்லிகிராம் ரானிடிடின் செய்த வேலையை 20 மில்லிகிராம் ஃபாமோடிடின் செய்யும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும்; தவறினால், குறிப்பாக முதியவர்களிடம், மனக்குழப்பம் தோன்றலாம். அமெரிக்காவில் 2021 முதல் ‘ஜான்டாக் 360’ என்ற பெயரில் விற்பது ஃபாமோடிடினே. பழைய பெயருக்குள் வேறு மருந்து என்பதால், பெயரைவிட உள்ளடக்கத்தைப் படிப்பது முக்கியம்.

சிமெடிடின் இன்னும் உண்டு. ஆனால் வார்ஃபாரின், ஃபெனிட்டாயின், தியோஃபிலின் போன்றவற்றைக் கல்லீரல் சிதைப்பதை அது தடுப்பதால், அவை உடலில் தேங்கும். ஆண்களுக்கு மார்பு வீக்கமும் வரலாம். நிசாடிடினில் என்டிஎம்ஏ காணப்பட்டு 2020இல் சில தொகுதிகள் திரும்பப் பெறப்பட்டன.

இன்று மிகுதியாகப் புழங்குபவை ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல், ரேபிப்ரசோல், எசோமிப்ரசோல் ஆகிய புரோட்டான் பம்ப் தடுப்பான்கள். அமிலத்தைச் செல்லிலிருந்து வெளியே தள்ளும் பம்பையே இவை முடக்குவதால் வீரியம் அதிகம். உணவுக்கு அரை மணி முன்பு எடுக்க வேண்டும். புண்ணுக்கும் கடுமையான எதுக்களிப்புக்கும் இவையே முதல் தேர்வு. ஆனால் எட்டு வாரம் என்று தொடங்கியது எட்டு ஆண்டாக நீள்வதைப் பல குடும்பங்களில் பார்க்கலாம். நீண்ட நாள் எடுத்தால் வைட்டமின் பி12, மெக்னீசியம் ஆகியவை குறையலாம். எலும்பு முறிவும் சில குடல் தொற்றுகளும் கூடுவதோடும் நீண்ட நாள் பயன்பாடு தொடர்புபடுத்தப்படுகிறது. இதயத்துக்குக் குளோபிடோக்ரல் எடுப்பவர்கள் ஒமிப்ரசோல், எசோமிப்ரசோல் இரண்டையும் தவிர்ப்பது நல்லது. நெடுநாள் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் அமிலம் முன்னிலும் அதிகமாகப் பொங்கும். மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

எப்போதாவது வரும் நெஞ்செரிச்சலுக்கு அலுமினியம், மெக்னீசியம் கலந்த அமில முறிப்பானோ ஆல்ஜினேட் திரவமோ போதும். அவற்றைப் பிற மருந்துகளோடு சேர்த்து விழுங்கக்கூடாது; இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். புண் திரும்பத் திரும்ப வந்தால் அமிலத்தை மட்டும் அடக்கிப் பயனில்லை. பெரும்பாலான புண்களுக்குப் பின்னால் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருப்பதைக் காட்டிய பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதைச் சோதித்து ஒழித்தால் ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்க வேண்டியிராது. மற்றொரு பெரிய காரணம், நாமாக வாங்கிப் போடும் வலிநிவாரணிகள்.

வீட்டில் ரானிடிடின் அட்டை இருந்தால், உங்கள் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டி மாற்றைக் கேளுங்கள். கருப்பாக மலம் போதல், விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடையிழப்பு, இரத்த வாந்தி இவற்றில் ஒன்று இருந்தாலும் எந்த அமில மாத்திரையாலும் தள்ளிப்போடாதீர்கள். ‘கேஸ்’ என்று நினைக்கும் நெஞ்சுவலி வியர்வையோடும் கை அல்லது தாடை வலியோடும் வந்தால், அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108ஐ அழையுங்கள்.