பொதிமாட்டுத் தவளமும் மெய்நிகர் நடையும்

மெய்நிகர் உலகில் இடம்பெயரும் முறைகளை வகைப்படுத்துவோர், ஒருவர் எதைக்கொண்டு நகர்கிறார் என்றே முதலில் கேட்கிறார்கள். 2017இல் ஆய்வாளர் பொலெட்சிஸ் நான்கு வகை கண்டார்: உடலசைவால் நகர்தல், அறைக்குள் உள்ளபடியே நடத்தல், கைக்கருவியால் செலுத்துதல், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கணத்தில் தாவுதல். ஒழுங்கான பிரிவுதான். ஆயினும் பயணத்தை அதன் நோக்கத்தால் பிரிப்பதே அடிப்படை என்பேன். அதற்கான சான்று இலங்கையின் கிழக்கே கல்முனைக் கரையின் பழைய வணிகத்தில் இருக்கிறது.

போர்த்துக்கேயர் 1626இல் வெளியேற்றிய முஸ்லிம்களில் ஏறத்தாழ 4,000 பேரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். கல்முனையும் சம்மாந்துறையும் அன்று அப்பகுதியைச் சேர்ந்தவையே; அவை இன்று அடங்கும் அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மலைநாட்டுக்கு ஏறின, பாக்கு இறங்கி வந்தது. சுமந்தவை தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்கள். ஓட்டியவர்களில் முஸ்லிம்கள் முதன்மையானோர். கண்டி அரசு இப்போக்குவரத்தை ‘மடிகே பத்த’ என்ற தனித் துறையாகவே வைத்திருந்தது. 1660 முதல் 1679 வரை கண்டியில் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் இன்னும் நுணுக்கமான செய்தியொன்றை எழுதியிருக்கிறார். முள்ளடைத்த காவற் கடவைகளைக் கடக்கக் களிமண் முத்திரை வேண்டும். படைவீரனின் முத்திரையில் தோளில் ஈட்டி சாத்திய மனிதன். கூலியாளின் முத்திரையில் காவுதடியின் இரு முனையிலும் பை தொங்கச் செல்லும் மனிதன். இருவரும் ஒரே ஒற்றையடிப் பாதையில் கால்நடையாகவே போனவர்கள். நடை ஒன்றாயிருக்க, அரசு அவர்களை இரு வகையாகக் கண்டது.

அந்த முத்திரை முறை ஆட்களைக் கண்காணிக்க வந்த ஏற்பாடு, அறிவுத் தேவைக்கு வந்ததல்ல எனலாம். உண்மைதான். ஆனால் யார் எதற்காகப் போகிறார் என்று தெரியாமல் கண்காணிக்கவும் முடியாது. இதைவிட வலுவான மறுப்பு ஒன்றுண்டு: மாடு நுழையும் காட்டுவழியில் வண்டி நுழையாது, ஆகவே ஊர்தியே பயணத்தைத் தீர்மானிக்கிறது. ஆனால் அந்த வழி ஏன் ஒடுங்கிக் கிடந்தது? படையெடுப்புக்கு அஞ்சிய கண்டி மன்னர்கள் அதை அகலப்படுத்த விடவில்லை. காப்பு நோக்கம் பாதையை ஒடுக்கியது. ஒடுங்கிய பாதைக்குப் பொதிமாடு பொருந்தியது. 1815இல் கண்டி வீழ்ந்தபின் படையும் கோப்பியும் நகரவேண்டிய ஆங்கிலேயர் தெருக்களை வெட்டினார்கள். வண்டி வந்தது, தவளம் தேய்ந்தது.

மெய்நிகர் ஆய்விலும் பயணம் எதற்காக என்ற கேள்வி எழாமல் இல்லை. 1997இல் போமன், கொல்லர், ஹொட்ஜஸ் மூவரும் நகர்வைத் திசை தெரிதல், வேகம், தொடங்கி நிறுத்தும் விதம் எனப் பகுத்ததோடு நில்லாமல், நகர்ந்தவர் மனத்தில் என்ன தங்குகிறது என்றும் சோதித்தார்கள். கணத்தில் தாவியவர்கள் திசை தடுமாறினர். ஒரு நூதனசாலையைச் சுற்றிப் பார்ப்பவருக்கு இத்தடுமாற்றம் பெரிதல்ல. உயிர்தப்ப ஓடுபவருக்கோ அதுவே பெரிது. 2004 ஆழிப்பேரலையில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. அம்மாவட்டக் கரையோர ஊரான மருதமுனையின் பிள்ளைகளுக்கு மெய்நிகர் தப்பியோடற் பயிற்சி ஒன்றை அமைத்தால், அவர்கள் கற்கவேண்டியது கடற்கரையிலிருந்து மேற்கே போகும் ஒழுங்கைகளையும் திருப்பங்களையும்தான். அங்கே தாவல் முறைக்கு இடமே இல்லை.