ஐ.சி.யு.வைத் தெருவுக்குக் கொண்டுவந்த டாக்டர்

ஐ.சி.யு. என்ற மூன்றெழுத்தைக் கேட்டாலே நம் வயதுக்காரர்களுக்கு அடிவயிற்றில் ஒரு கலக்கம் வரும். அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரைப் பற்றிச் சமீபத்தில் படித்தேன். பெயர் பீட்டர் சஃபார்.

1924ல் வியன்னாவில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவருமே டாக்டர்கள். நாஜிகளின் காலத்தைத் தாண்டிப் பிழைத்து, 1949ல் அமெரிக்கா போய் மயக்க மருந்து நிபுணரானார்.

மூச்சு நின்றவரைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகை அழுத்திக் கையைத் தூக்குவதுதான் அன்றைய முதலுதவி. சாரணர் படையில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கலாம். அது சரிதானா என்று சஃபார் சோதித்தார். தாமாக முன்வந்தவர்களுக்கு மயக்க மருந்தும் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தும் கொடுத்துப் பார்த்தார். நினைவிழந்தவரின் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிறது. தலையைப் பின்னுக்குச் சாய்த்து மோவாயை உயர்த்தினால் வழி திறக்கிறது. நாம் வெளிவிடும் மூச்சில் இன்னும் 16 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது. ஓர் உயிரைத் தாங்க அது போதும். வாயோடு வாய் வைத்து ஊதும் முறை இப்படித்தான் நிலைபெற்றது. 1960ல் வேறு ஆய்வாளர்கள் கண்ட மார்பை அழுத்தும் முறையும் இதனுடன் சேர்ந்து சி.பி.ஆர். ஆயிற்று.

1958ல் பால்டிமோர் நகர மருத்துவமனையில் இரவு பகலாக டாக்டர்கள் இருக்கும் ஐ.சி.யு.வைத் தொடங்கினார். 1961ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போய் மயக்கவியல் துறையைக் கட்டியெழுப்பினார். தீவிர சிகிச்சையைத் தனிப் படிப்பாகவே வளர்த்து, பல நாட்டு இளம் டாக்டர்களைப் பயிற்றுவித்தார்.

இவ்வளவும் தெரிந்தவர் வீட்டிலேயே இடி விழுந்தது. 1966ல் அவருடைய சிறுவயது மகள் எலிசபெத்துக்குக் கடுமையான ஆஸ்துமா வந்தது. நின்ற இதயத்தை மீண்டும் துடிக்கவைக்க முடிந்தது. மூளையை மீட்க முடியவில்லை. அவள் இறந்துபோனாள்.

எத்தனை நல்ல ஐ.சி.யு. இருந்தாலும், நோயாளி அங்கே வந்து சேரும் முன் போகும் நிமிடங்களை யார் காப்பது? அந்நாளில் பிட்ஸ்பர்க்கில் நோயாளிகளைப் பெரும்பாலும் போலீஸ் வண்டியில்தான் ஏற்றிக்கொண்டு போவார்கள். வழியில் சிகிச்சை கிடையாது.

1967ல் 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் சேவை உருவானபோது, அதற்கான பயிற்சித் திட்டத்தை வகுத்தவர் சஃபார். பயிற்சிக்கு வந்தவர்கள் ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியின் கறுப்பின மக்கள். பலருக்கு வேலையில்லை, சிலர் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர்கள். இவர்களால் முடியுமா என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களோ தெருவிலேயே மூச்சுக்குழாய் செருகும் அளவுக்குத் தேறி, அமெரிக்காவின் முன்னோடி பாராமெடிக்குகள் ஆனார்கள். ஆனாலும் 1975ல் நகர நிர்வாகம் தன் சொந்தச் சேவையைத் தொடங்கியதும் ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. அவர்களில் பலர் ஓரங்கட்டப்பட்டார்கள். அது இன்னொரு வருத்தமான கதை.

சஃபார் மிச்ச ஆண்டுகளை மூளையைக் காக்கும் ஆராய்ச்சிக்கே கொடுத்து, 2003ல் காலமானார். அவர் வாழ்க்கையில் எனக்குப் பெரிதாகப் படுவது பதவிகள் அல்ல. பெரிய துறைக்குத் தலைவராக இருந்தவர், தன் வித்தையைத் தெருவில் நிற்கும் சாதாரண மனிதனின் கையில் கொடுத்தார். உங்கள் வீட்டுப் பிள்ளைகளை சி.பி.ஆர். கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். அரைநாள் போதும்.