வெள்ளை உடையும் கரி எஞ்சினும்

நிலக்கரி எஞ்சின் இழுக்கும் ரயிலில் வெள்ளை உடுத்திப் போய்வர முடியுமா? முடியும் என்று 1900களின் தொடக்கத்தில் விளம்பரம் செய்தது அமெரிக்காவின் லக்கவானா ரயில் நிறுவனம். நியூயார்க்கை ஒட்டிய ஹோபோகனிலிருந்து ஸ்க்ராண்டன் வழியாக பஃபலோவுக்கு ஓடிய தன் ரயில்களை விற்க, அது ஒரு கற்பனைப் பெண்ணைப் படைத்தது. பெயர் ஃபீபி ஸ்னோ. தலைமுதல் கால்வரை வெள்ளை. பயணம் முடிந்து இறங்கும்போதும் அவள் உடையில் ஒரு பொட்டுக் கரி இருக்காது என்பதே விளம்பரப் பாட்டுகளின் சாரம்.

இது முழுப் பொய்யும் அல்ல. அன்றைய அமெரிக்க எஞ்சின்களில் பெரும்பாலானவை புகை கக்கும் மென்கரியை எரித்தன. லக்கவானா எரித்தது பென்சில்வேனியாவின் வடகிழக்கில் வெட்டியெடுத்த ஆந்த்ரசைட். புகை மிகக் குறைவு. ஆனால் மெதுவாக எரியும். போதிய நீராவி வேண்டுமென்றால் அதை அகலப் பரப்பி எரிக்க வேண்டும். 1877இல் ஜான் வூட்டன் காப்புரிமை பெற்ற அகன்ற நெருப்பறை இந்தத் தேவைக்குப் பிறந்தது. பக்கவாட்டில் விரிந்த அந்த அறைக்குப் பின்னால் நின்றால் டிரைவருக்குப் பாதை சரியாகத் தெரியாது. அதனால் அவருடைய கூண்டைக் கொதிகலனின் நடு முதுகில் ஏற்றினார்கள். ஒட்டகத் திமில்போல் தெரிந்ததால் ‘கேமல்பேக்’ என்று பெயர். குழந்தைப் பாட்டில் வரும் கிழவியின் பெயரால் ‘மதர் ஹப்பர்ட்’ என்றும் அழைத்தார்கள்.

டிரைவர் முன்னே போனார். கரி அள்ளிப்போடும் ஃபயர்மேன் பின்னாலேயே நின்றார், மழையிலும் பனியிலும் அரைகுறை மறைப்போடு. ஒருவருக்கு ஏதாவது நேர்ந்தால் மற்றவருக்கு உடனே தெரியாது. டிரைவரின் கூண்டுக்குக் கீழே சக்கரங்களை இணைக்கும் கனத்த இரும்புத் தண்டுகள் சுழன்றன. ஒன்று முறிந்தால் கூண்டையே பிளந்துவிடும். இத்தகைய எஞ்சின்களைப் புதிதாகக் கட்டக் கூடாதென்று பின்னர் அரசே தடுத்தது.

கரி எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். 1902 மே முதல் அக்டோபர் வரை ஆந்த்ரசைட் தொழிலாளர்கள் சுமார் 1,40,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அமைத்த விசாரணைக் குழுவின் முன் சுரங்கத் தொழிலாளர்களின் மகள்களும் வந்து சாட்சி சொன்னார்கள். அவர்கள் அப்பகுதிப் பட்டு ஆலைகளில் இரவுப் பணி பார்த்த சிறுமிகள். அப்பாவின் கூலியில் அடுப்பெரியாததால் பிள்ளைகள் ஆலைக்குப் போனார்கள். அப்படிப் பிள்ளைகள் மலிவாகக் கிடைத்ததால்தான் பட்டு முதலாளிகள் அந்த ஊர்களைத் தேடி வந்தார்கள். 1903இல் வந்த தீர்ப்பு கூலியை 10 சதவீதம் உயர்த்தியது, தொழிற்சங்கத்தை அங்கீகரிக்கவில்லை.

ஃபீபி ஸ்னோவை வெறும் பொம்மை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஆண் துணையின்றி, நிமிர்ந்து பயணம் செய்யும் பெண்ணாகப் பல படங்களில் அவள் வந்தாள். புகையும் தூசியும் இல்லாத பயணம் பெண்களுக்கு உண்மையாகவே வேண்டியிருந்தது. ஆனால் எஞ்சினின் சுத்தத்துக்குச் சான்றாக ஏன் ஒரு பெண்ணின் உடலும் அவளுடைய வெள்ளை உடையும் நிறுத்தப்பட்டன? ‘கறைபடாதவள்’ என்ற பழைய அளவுகோலை நிறுவனம் கரிக்கும் பொருத்தியது. அதே கரி படிந்த கணவனின் உடுப்பை அன்றாடம் துவைத்த சுரங்கத்து மனைவிக்கு விளம்பரத்தில் இடமில்லை. பட்டு நூலோடு இரவெல்லாம் நின்ற மகளுக்கும் இல்லை.

முதல் உலகப் போரில் ஆந்த்ரசைட் வேறு தேவைகளுக்குத் திருப்பப்பட்டது. ஃபீபி ஸ்னோவும் மறைந்தாள். ரயில் எஞ்சின் வரலாற்று நூல்கள் சக்கர விட்டத்தையும் நீராவி அழுத்தத்தையும் துல்லியமாகச் சொல்கின்றன. அந்த நெருப்பறையின் அகலத்தை அளக்கும்போது, அதற்குக் கரி கொடுத்த வீடுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.