சுழலும் இரும்பும் மாதிரிக் கோப்பும்

கல்வராயன் மலையடிவாரத்தில் கச்சிராயபாளையத்திலும், வடக்கே மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. அரவைக் காலத்தில் கரும்புச் சக்கையை எரித்து, அந்த நீராவியில் டர்பைன் ஓட்டி மின்சாரம் எடுப்பது ஆலைத் தொழிலின் பழைய வழக்கம். லைனில் எங்கோ பழுதாகி மின்னழுத்தம் சட்டென்று விழுந்தாலும் கனத்த ரோட்டர் உடனே நின்றுவிடாது. சுழன்ற வேகத்திலேயே சற்று நேரம் தாங்கும். இரும்பின் எடையும் செம்புச் சுருளும் தெரிந்தால் அதன் போக்கைக் கணக்கிட்டுவிடலாம்.

சூரிய மின்சாரத்தைக் கிரிட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டரின் கதை வேறு. அழுத்தம் விழும்போது அது தாங்குமா, கழன்றுகொள்ளுமா என்பது உள்ளே எழுதப்பட்ட நிரலைப் பொறுத்தது. செய்தவர் சொன்னாலொழிய வெளியாருக்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் காற்றாலைகள் சுழலத் தொடங்கின. பிறகு முப்பந்தல் பகுதியும் காற்றாலைகளால் நிறைந்தது. அழுத்தம் குறைந்தால் அந்தக் காலத்துக் காற்றாலைகள் கழன்றுகொள்ளும். எண்ணிக்கை சிறிதாக இருந்தவரை அதனால் கெடுதல் இல்லை. ஆயிரக்கணக்கான மெகாவாட்டாகப் பெருகியபின், ஒரே நேரத்தில் கழல்வதே கிரிட்டுக்கு ஆபத்தாயிற்று. மத்திய மின்சார ஆணையத்தின் 2007 இணைப்பு விதிகளில் 2013-இல் திருத்தம் வந்தது. அழுத்தம் 15 விழுக்காடாகச் சரிந்தாலும் 300 மில்லிவிநாடி, அதாவது கண்ணிமைக்கும் நேரம், கழலாமல் நிற்க வேண்டும் என்றது அது. 

கமுதியில் 648 மெகாவாட் சூரிய நிலையம் எழுந்த 2016-ஆம் ஆண்டு, வெளிநாடுகள் இரண்டு பாடம் கற்றன. ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் காட்டுத்தீயால் லைன் பழுதானபோது ஏறத்தாழ 1,200 மெகாவாட் சூரிய மின்சாரம் அறுந்தது. இன்வெர்ட்டர்கள் பல அலைவெண்ணைத் தவறாகக் கணித்திருந்தன. செப்டம்பரில் தெற்கு ஆஸ்திரேலியா முழுதும் இருளில் மூழ்கியது. அடுத்தடுத்து எத்தனை அழுத்தச் சரிவைத் தாங்கலாம் என்று அங்கிருந்த காற்றாலைகளுக்குள் ஒரு வரம்பு வைக்கப்பட்டிருந்தது. கிரிட்டை இயக்கியவர்களின் கணினி மாதிரியில் அந்த வரம்பு இல்லை.

ஆகவே இன்று இந்தியாவில் பெரிய நிலையங்களிடம் இரண்டு மாதிரிகள் கேட்கப்படுகின்றன. ஒன்று கிரிட் முழுவதன் மெதுவான அசைவுக்கு. மற்றது இன்வெர்ட்டரின் நுண்கணச் செயலுக்கு. அதே இணைப்பு விதிகளில் 2019-இல் வந்த திருத்தம், இணையும் இடத்தில் கிரிட்டின் பலத்தைக் காட்டும் குறுக்குச்சுற்று விகிதம் 5-க்குக் குறையக் கூடாது என்றது. கிரிட் பலமற்ற இடத்தில் இன்வெர்ட்டர் தடுமாறும் என்பதே காரணம். கோப்பில் உள்ளபடி களத்தில் நடக்காவிட்டால் மாதிரி வெறும் காகிதம்தான். 2023 கிரிட் விதித்தொகுப்பின்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறையும், பெரிய மாற்றம் செய்யும்போதும் நிலையங்கள் சோதிக்கப்பட வேண்டும்.