தாசனின் மாளிகை

பத்மநாபபுரம் அரண்மனையை நாம் எல்லோரும் ஒருமுறையாவது பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்போம். தக்கலைக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு மண்ணில், கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கும் திருவிதாங்கூர் மன்னர்களின் பழைய இருப்பிடம். தாய்க் கொட்டாரத்தின் பலாமரத் தூண், மந்திரசாலையில் கண்ணாடிபோல் மின்னும் கறுப்புத் தரை, வெயில் படாமல் காற்றை மட்டும் விடும் மரச்சட்டங்கள் என எல்லாம் அழகுதான். அந்த வேலைப்பாட்டை நாம் ஏன் குறைத்துச் சொல்ல வேண்டும்? செய்தவை உழைத்த கைகள்.

நாம் நிற்க வேண்டிய இடம் உப்பரிகை மாளிகை. கீழே கருவூலம், அதற்கு மேல் மன்னரின் கட்டில், உச்சியில் சுவரோவியங்களோடு பத்மநாபசாமிக்கான அறை. 1750இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே அந்தச் சாமிக்கு எழுதிவைத்து, தன்னைப் 'பத்மநாபதாசன்' என்று அழைத்துக்கொண்டார். தாசன் என்றால் அடிமை.

உண்மையான அடிமைகள் எங்கே இருந்தார்கள்? அரண்மனைக்குக் கிழக்கே விரியும் நாஞ்சில் நாட்டு வயல்களில். பறையர், புலையர் முதலான நம் மக்களை நிலத்தைப் போலவே விற்கலாம், ஒற்றி வைக்கலாம், பாட்டத்துக்கு விடலாம். தனியார் மட்டுமல்ல, அரசே அடிமைகளை வைத்திருந்தது. 1836 கணக்கெடுப்பில் திருவிதாங்கூரின் அடிமைகள் 1,64,000க்கும் மேல்; ஏறக்குறைய எட்டுப் பேரில் ஒருவர்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஊட்டுப்புரைக்குள் போங்கள். இரண்டு தளங்கள், தளத்துக்கு ஆயிரம் பேர் உட்காரலாம். பந்தியில் இருந்தவர்கள் பிராமணர்கள், தர்மச் சோறு. பெரிய பெரிய ஊறுகாய்ப் பரணிகளை இன்றும் பார்க்கலாம். நெல்லை நட்டு அறுத்தவர்களோ அந்த வாசலுக்குப் பல அடி தூரத்திலேயே நிற்க வேண்டியவர்கள். சாமிக்குத் தாசனாவது மன்னருக்குப் பெருமை. மனிதருக்கு அடிமையாவது நமக்குச் சட்டம்.

அடிமைமுறை ஒழிந்தது 1855இல். அதற்கு வெகுகாலம் முன்பே தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. ஒழிப்பு ஆணைக்கு எட்டாண்டு கழித்து வெங்ஙானூரில் பிறந்த அய்யங்காளி, சட்டப்படி யாருக்கும் அடிமையில்லை. ஆனாலும் பொதுச்சாலையில் வில்லுவண்டி ஓட்ட அவர் 1893இல் அடிதடிக்கே தயாராகப் போக வேண்டியிருந்தது.