பரணி மழையும் கத்திரி வெயிலும்

பெங்களூரின் வடமேற்கிலுள்ள பீன்யா தொழிற்பேட்டையில் கன்னடரும் தமிழரும் அடுத்தடுத்த பட்டறைகளில் பணிபுரிகின்றனர். மே மாதத் தொடக்கத்தில் பிற்பகல் வரை வெயில் காய்ந்து, மாலையில் திடீரெனக் காற்றும் இடியுமாய் மழை கொட்டுவது அங்கு இயல்பு. கன்னட உழவர் வழக்கில் அது ‘பரணி மளெ’. அதே நாள்களைத் தமிழர் ‘கத்திரி’ என்பர். முன்னது மழையின் பெயர். பின்னது வெயிலின் பெயர்.

கன்னட உழவர், கதிரவன் கடக்கும் நாள்மீன்களைக் கொண்டு மழையைப் பகுப்பர். ஒவ்வொன்றும் 13 அல்லது 14 நாள். அசுவினி ஏப்ரல் நடுவிலும் பரணி அம்மாத இறுதியிலும் தொடங்கும். கிருத்திகையும் ரோகிணியும் மே மாதத்தில் அடுத்தடுத்து வரும். தமிழ்ப் பஞ்சாங்கத்தின் அக்கினி நட்சத்திரமோ கதிரவன் பரணியின் மூன்றாம் பாதத்தில் புகுவது முதல் ரோகிணியின் முதற் பாதத்தைக் கடப்பது வரை, அதாவது ஏறத்தாழ மே 4 முதல் 28 வரை. இரு வழக்குக்கும் வானியற் கணக்கு ஒன்றே. காண்டவ வனத்தை அக்கினி உண்ட நாள்களே கத்திரி என்பது மக்கள் நம்பிக்கை. வனத்தைக் காக்க இந்திரன் பொழிந்த மழையை அருச்சுனன் அம்புகளால் தடுத்தான் என்கிறது பாரதக் கதை. வெயிலை விளக்கவந்த கதைக்குள்ளேயே ஒரு திடீர் மழை மறைந்து நிற்பது கருதத்தக்கது. இடி கேட்டதும் அருச்சுனன் பெயரைச் சொல்லும் வழக்கத்தையும் இதனோடு இணைத்துக் காணலாம்.

பெயரிடும் நோக்கு வேறுபட நிலமே காரணம் எனலாம். பெங்களூர் கடல்மட்டத்திற்கு 900 மீட்டர் உயரத்திலுள்ள பீடபூமி. கோடையில் சூடேறிய தரைமீது இரு கடல்களின் ஈரக்காற்றும் வந்து கூடுகிறது. மேலெழுந்து குளிர்ந்து பிற்பகலில் இடிமேகமாகத் திரள்கிறது. மழையோடு இறங்கும் குளிர்காற்று தரையில் பரவி முந்திவருவதால்தான் மழைக்கு முன் புழுதிக்காற்று வீசுகிறது. பெங்களூரின் மே மாதச் சராசரி மழை 100 மில்லிமீட்டருக்கு மேல். சென்னையில் அதிற் பாதியளவே. எனினும் ஒசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தமிழ் உழவரும் இம்மழையை அறிவர். அவர்கள் அதைக் ‘கோடைமழை’ என்று சொல்லி ஏர் பூட்டுவர். தமிழில் மழை இல்லாமலில்லை. நாள்மீனால் அதற்குப் பெயரிடும் வழக்கே மேலோங்கவில்லை.

நாள்மீன் மழையைத் தருகிறது என்ற நம்பிக்கை ஒருபுறமிருக்க, அப்பெயர் உண்மையில் ஒரு நாட்குறிப்பே. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் தமது பிருகத் சம்கிதையில் மேகம் கருவுற்று 195 நாளில் மழையை ஈனும் என்றார். மார்கழியில் ‘கர்ப்போட்டம்’ பார்க்கும் தமிழ் வழக்கமும் இக்கருத்தைச் சார்ந்ததே. ஆனால் நாள்மீன் கணக்கு, பருவத்தினின்று ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் விலகுகிறது. அவர் காலந்தொட்டு இவ்விலகல் மூன்று வாரமளவு. இன்று பரணி மழை பெய்யும் பருவத்தில் அன்று கதிரவன் கிருத்திகையிலும் ரோகிணியிலும் நின்றிருக்கும். மழை பருவத்தைத் தொடர்வது. பெயர் பஞ்சாங்கத்தைத் தொடர்வது.

மொழிபெயர்ப்பாளர்க்கு இது சிறு சிக்கலன்று. பழங்கன்னடத்தில் ழகரம் இருந்தமையால் ‘மளெ’, ‘மழை’ என்னும் உறவு தெளிவு. ‘பரணி’யே இடர் தருவது. அதை அப்படியே விட்டால் தமிழ் வாசகர்க்குச் சாதகமோ போர்க்களச் சிற்றிலக்கியமோ நினைவுக்கு வரும். ‘கோடைமழை’ பொருளைக் காத்து நாளை இழக்கிறது. ‘சித்திரைப் பின்பாதி மழை’ இரண்டையும் ஓரளவு காக்கும். ரோகிணிக்கு இவ்வழி எளிதன்று. அது வைகாசியின் இரு பாதிகளிலும் படர்வது. 2024 ஜூன் 2 அன்று பெங்களூரில் 111.1 மில்லிமீட்டர் மழை பதிவாகி, ஜூன் மாதத்து ஒருநாள் மழையளவில் 1891ஆம் ஆண்டின் பதிவை முறியடித்தது. உழவர் கணக்கில் அது ரோகிணி மழை; தமிழ்ப் பஞ்சாங்கத்தில் கத்திரி அதற்குள் முடிந்திருந்தது.