சந்தேகப்பட்ட தோமாவும் சான்று தேடும் நாமும்



'சந்தேகத் தோமா' என்றால் எல்லோருக்கும் தெரியும். இயேசு உயிர்த்தெழுந்தார் என்று மற்ற சீடர்கள் சொன்னபோது, ஆணிக் காயத்தில் விரலை வைத்துப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று நின்றவர். அந்த ஒரு சம்பவத்தால் இரண்டாயிரம் ஆண்டுகளாக மனுஷனுக்குக் கெட்ட பெயர்! ஆனால் அதே யோவான் நற்செய்தியில் இன்னும் இரண்டு இடங்களில் அவர் பேசுகிறார். யூதேயாவுக்குப் போனால் கல்லெறிந்து கொன்றுவிடுவார்கள் என்று மற்றவர்கள் பயந்தபோது, நாமும் போய் அவரோடு சாவோம் என்று சொன்னவர் தோமாதான். இன்னொரு இடத்தில், நீங்கள் போகுமிடமே எங்களுக்குத் தெரியாது, பிறகு வழி எப்படித் தெரியும் என்று குருவிடமே நேராகக் கேட்கிறார். அதாவது, கேள்வி கேட்பவர். ஆனால் கோழை இல்லை.

நம்மைப் போன்ற இன்ஜினியர்களுக்கு அவர் சொந்தக்காரர். கட்டடக் கலைஞர்களின் பாதுகாவலர் என்று கத்தோலிக்கத் திருச்சபை அவரைக் கொண்டாடுகிறது. ஓவியங்களில் அவர் கையில் மூலைமட்டம் இருக்கும். காரணம், மூன்றாம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுதப்பட்ட 'தோமாவின் பணிகள்' என்ற நூல். அதில் ஹப்பான் என்ற வணிகர் அவரைத் தச்சராக விலைக்கு வாங்கி, குந்தபர் என்ற இந்திய அரசனிடம் அழைத்து வருகிறார். அரண்மனை கட்டச் சொல்கிறான் அரசன். தோமா நாணல் குச்சியால் பிளான் போடுகிறார்: வெளிச்சத்துக்குக் கிழக்கே வாசல், காற்றுக்கு மேற்கே ஜன்னல், தெற்கே அடுப்பறை, வடக்கே தண்ணீர்க் குழாய். சைட் பிளான் பிரமாதம்! ஆனால் கொடுத்த பணத்தையெல்லாம் ஏழைகளுக்குச் செலவழித்துவிட்டு, அரண்மனை சொர்க்கத்தில் தயார் என்கிறார். (நம் கான்ட்ராக்டர் நண்பர்கள் இந்த விளக்கத்தை பில்லோடு இணைக்க வேண்டாம்!)

இது கதைதானே என்றுதான் பலரும் நினைத்தார்கள். குந்தபர் என்று ஓர் அரசன் இருந்ததற்கே ஆதாரம் இல்லாமல் இருந்தது. 1830களில் ஆப்கானிஸ்தானில் சார்லஸ் மேஸன் திரட்டிய பழங்காசுகளில் அந்தப் பெயர் கிடைத்தது. பிறகு தக்த்-இ-பாகி கல்வெட்டு கிடைத்தது. அதை வைத்து அவர் கி.பி. 20 வாக்கில் அரியணை ஏறி, 46 வாக்கிலும் ஆண்டுகொண்டிருந்தார் என்று கணக்கிட்டார்கள். அந்தக் கல் லாகூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேணும். அரசன் நிஜம் என்று ஆனதால், அரண்மனைக் கதையும் நிஜம் ஆகிவிடாது.

தென்னிந்தியாவிலும் இதே நிலைதான். தோமா கி.பி. 52ல் முசிறியில் இறங்கினார், 72ல் சென்னையில் கொல்லப்பட்டார் என்பது கேரளத்து மார்த்தோமா கிறிஸ்தவர்களும் நம் ஊர்க்காரர்களும் தலைமுறை தலைமுறையாகக் காத்து வரும் மரபு. அந்தக் காலத்தில் கப்பல் வந்திருக்க முடியுமா? தாராளமாக! யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு போனதை அகநானூறு சொல்கிறது. ரோமரான பிளினியும் முசிறியைக் குறிப்பிடுகிறார். ஆனால் 'வந்திருக்க முடியும்' என்பது வேறு, 'வந்தார்' என்பது வேறு. அவர் எலும்புகள் இந்தியாவிலிருந்து எதேசாவுக்குக் கொண்டுபோகப்பட்டதாக நான்காம் நூற்றாண்டிலேயே புனித எப்ரேம் பாடியிருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ, தோமாவின் கல்லறை சோழமண்டலக் கரையில் இருப்பதாக எழுதினார். பரங்கிமலையில் 1547ல் கிடைத்த சிலுவையில் இருப்பது பஹ்லவி எழுத்து. அது முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது அல்ல; ஆனாலும் போர்த்துகீசியருக்கு வெகுகாலம் முன்பே பாரசீகத் திருச்சபையோடு தொடர்புள்ள கிறிஸ்தவர்கள் இங்கே இருந்தார்கள் என்று காட்டுகிறது. இன்று நாம் பார்க்கும் சாந்தோம் பேராலயம் 1896ல் கட்டி முடிக்கப்பட்டது.

அதே பரங்கிமலை அருகேதான் 1802ல் லாம்டன், நூறடி எஃகுச் சங்கிலியை வைத்து சுமார் ஏழரை மைல் பேஸ்லைன் அளந்தார். இந்தியா முழுவதையும் அளந்த மாபெரும் முக்கோண அளவைக்கு அதுதான் ஆரம்பம். முதலில் ஒரு கோட்டைத் துல்லியமாக அளந்துகொள். அப்புறம் அதிலிருந்து முக்கோணங்களை நீட்டு. வரலாற்றுக்கும் இதே முறைதான். காசும் கல்வெட்டும் நம் பேஸ்லைன். அதிலிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவுதான் 'நிரூபணம்'. அதற்கு அப்பால் இருப்பது மரபு. மரபைக் கேலி செய்யவும் வேண்டாம், அதற்கு நிரூபணம் என்று பெயர் சூட்டவும் வேண்டாம். இரண்டையும் கலந்தால் இரண்டுமே கெட்டுப்போகும்.

தம்பி தங்கைகளே, லேபில் ரீடிங் வராவிட்டால் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுவது சுலபம். "நானே தொட்டுப் பார்க்கணும்" என்று நிற்பது கஷ்டம். தோமா அப்படி நின்றார். பார்த்த பிறகு தயங்கவும் இல்லை. மரபை நம்பினால், அதற்காக ஒரு கண்டத்தையே கடந்து வந்தவர் அவர். கேள்வி கேட்கும் துணிச்சலும், விடை கிடைத்ததும் அதன்படி நடக்கும் துணிச்சலும் நம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு என்றும் இருக்கட்டும்!